தண்ணி வந்துடுச்சி

மோனிகாவோடு எனக்குச் சிநேகம் வந்ததே சண்டையில்தான். சிதம்பரத்தில் நாங்கள் படித்த சின்னக் கல்லூரியின் விடுதிக் குழாயடியில், என் பச்சை வாளியை அவள் தூக்கிப் போய்விட்டாள் என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில் பார்த்தால் வாளி என் கட்டிலடியிலேயே இருந்தது. தப்பு என்மேல் என்றால் எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியாகும். அவள் சிரித்தாள். அந்த வாரமே அவள் அறைக்கு மாறிவிட்டேன்.

நான் பெண்ணாடம், கரும்பு ஊர். அவள் கடலூருக்குப் பக்கத்து மீனவர் குப்பம். 2004 சுனாமியில் அவள் தம்பி சுரேந்தர் போய்விட்டான். அதற்குமேல் அவளும் சொன்னதில்லை, எங்களுக்கும் கேட்கத் தைரியமில்லை. எல்லோரும் கீழ்த்தளத்துக்கு அடித்துக்கொள்ள, அவள் மாடி அறை கேட்டு வாங்கியிருந்தாள். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கதவோரமாகப் படுப்பாள்.

"எங்கடி ஓடப்போற, இப்பவே மூட்ட கட்டி வெச்சிருக்க?" என்று கிண்டல் செய்தேன். என் வாய்க்கு அன்றே ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

அடுத்த மார்கழி. விடுதி மோட்டார் பழுதாகி, விடிந்ததும் லாரியில்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அன்று பனி கொட்டியது, எதிரில் இருந்த வேப்பமரம்கூடத் தெரியவில்லை. லாரிச் சத்தம் கேட்டதும் வாளியோடு வாசலில் நின்று, எங்கள் தெருவில் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

"தண்ணி வந்துடுச்சி, ஓடியாங்கடி."

மற்றவர்கள் வாளியோடு கீழே ஓடிவந்தார்கள். மோனிகா மேலே ஓடினாள்.

நான் மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்றிருந்தாள். இரும்பு ஏணி பனியில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் கிடையாது. ஓரடி பின்னால் வைத்தால் மூன்று மாடி.

"லாரிடி அது, மோனிகா. லாரித் தண்ணிதான். எறங்கி வாடி."

காதில் விழவே இல்லை. பனிக்குள் எதையோ தேடிக்கொண்டே அரையடி பின்னால் போனாள். கத்தவும் பயம், சும்மா இருக்கவும் பயம். என் வாயால் ஒருத்தியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எறங்கி வாடி, எனக்குப் பயமா இருக்கு."

அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள். மளமளவென்று இறங்கினாள், இரண்டு தரம் கால் வழுக்கியது. அப்பாடா, நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். வந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஏணிப் பக்கம் தரதரவென்று இழுத்தாள்.

"சுரேந்தரும் பயமா இருக்குன்னுதான் கீழ நின்னு கூப்ட்டான்," என்றாள். "நான் எறங்கல."

நான் லாரி என்று சொன்னதை அவள் நம்பவே இல்லை. கடல் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டேதான் எனக்காக இறங்கி வந்திருந்தாள்.

"ஏறுடி."

எனக்கு உயரம் என்றால் ஆகவே ஆகாது. மறுபேச்சில்லாமல் ஏறினேன்.