மைனஸ் எட்டில் ஒரு நித்திரை

கடையை விட்டு இருநூறு அடிகூட வந்திருக்க மாட்டோம். சித்தி குழந்தை வண்டியைத் தள்ளினார். நான் அதன் கைப்பிடியில் ஒரு ஓரத்தைப் பிடித்திருந்தேன். உருகி மறுபடி உறைந்த பனியில் சக்கரம் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"ஓடாத. ஓடினால்தான் பாப்பினம்," என்றார் சித்தி.

வண்டிக்குள் அவருடைய எட்டு மாத மகள் நல்ல நித்திரை.

எனக்கு அப்போது பத்து வயது. மோர்னிங்சைட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மாவின் தங்கை நோர்வேயிலிருந்து குழந்தையோடு வந்து மூன்று கிழமை. விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து என்னை அவர் நோர்வேப் பிள்ளையாக்கிக்கொண்டிருந்தார். பால் ரொபி போல இனிக்கும் மண்ணிறச் சீஸை மெல்லிசாகச் சீவிப் பாணில் வைத்துத் தின்னவேண்டும். பனியில் குந்தியிருந்து தோடம்பழம் உரிக்கவேண்டும். கைக்குழந்தை என்றால் பகல் நித்திரை வெளியில்தான்: உடம்புக்குக் கம்பளி, கீழே ஆட்டுத்தோல், முகத்துக்கு மட்டும் குளிர்காற்று.

"அங்கை கடை வாசலெல்லாம் பிள்ளையள் நித்திரை கொள்ளும். ஒருத்தரும் திரும்பியும் பாக்காயினம்," என்பார். பாடம் ஒப்பிப்பது போலச் சொல்வார். நான் அதை ஊர்ப்பெருமை என்று நினைத்தேன்.

அன்று மைனஸ் எட்டு. தமிழ்க் கடை வாசலில், கண்ணாடிக்கு நேரே, சித்தி வண்டியை நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டினார். நான் காவலுக்கு நிற்கட்டுமா என்று கேட்டேன். நோர்வேயில் யாரும் அப்படி நிற்பதில்லை என்றார். உள்ளே மீன் வெட்டுமிடத்தில் வரிசை. இருபது நிமிடம் போயிருக்கும்.

"உந்தப் பிள்ளை ஆற்றை?" என்று கடைக்கார அங்கிள் கத்தினார்.

வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கோட்டைக் கழற்றிக் குழந்தைக்குப் போர்த்திவிட்டு, நடுங்கிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்தார். நல்ல மனுஷி.

"என்ரை பிள்ளைதான், அண்ணை. நோர்வேயில இப்பிடித்தான்..."

"தங்கச்சி, உது நோர்வே இல்லை. உந்தக் குளிருக்குள்ள இஞ்ச நாயைக்கூட வெளியில கட்டமாட்டினம். அவ பொலிசைக் கூப்பிட்டிட்டா!"

நான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் பொய் சொன்னேன்: என்னைத்தான் காவலுக்கு விட்டார்கள், ரொபி வாங்க இப்போதுதான் உள்ளே போனேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சித்தி கோட்டை எடுத்து, மடித்து, அவர் கையில் வைத்தார்.  வெட்டிய மீன் கடையிலேயே கிடந்தது.

வழியில் சைரன் கேட்டது. சித்தி அப்படியே நின்றுவிட்டார். அது தீயணைப்பு வண்டி, எங்களைத் தாண்டிப் போயிற்று. அதன்பிறகு பெரிய வீதியை விட்டுக் கட்டடங்களின் பின்புறமாகவே நடந்தோம்.

வீட்டில் கதவைப் பூட்டிச் சங்கிலியும் போட்டார். குழந்தையைச் சுவர்ப்பக்கம் படுக்கவைத்து அணைத்துக்கொண்டு படுத்தார். பிள்ளை தனிக் கட்டிலில்தான் படுக்கவேண்டும் என்று அவர் படிப்பித்ததையே நான் நினைவுபடுத்தினேன்.

"வாயைப் பொத்து," என்றார்.

வேலையால் வந்த அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "அங்கையிருந்து பயந்து ஓடிவந்தாய். இஞ்சையும் அதேயோடி?"

குளிருக்குப் பயந்து வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிற்காலத்தில் பள்ளியைப் பாதியில் விட்டு எங்கெங்கோ அலைந்து, ஒரு மாரிக் குளிரில் நோர்வேயில், ஒஸ்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அந்தக் கடை வாசலில் ஆறு வண்டிகள் வரிசையாக நின்றன, ஆறிலும் நித்திரை. அன்றிரவு அம்மாவுக்குப் போன் எடுத்தபோதுதான் சொன்னார். சித்தி பிள்ளையை வெளியில் விடாமல் பொத்தி வைத்திருக்கிறார், தன் கட்டிலிலேயே படுக்கவைக்கிறார் என்று நோர்வேயில் யாரோ பிள்ளைகள் நல அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை வீட்டுக்கு வந்து விசாரித்தார்களாம். பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சித்தி ஒவ்வொரு விதியாகப் பாடமாக்கினார். அப்போதும் பயம் போகவில்லை, டிக்கெட் எடுத்தார்.

கடைக்குப் போய்வந்த மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போனதும், சித்தி என்னைப் பள்ளிக்குப் போகவேண்டாம் என்றார். கதவடியில் கதிரை ஒன்றை வைத்து என்னை ஏற்றினார். கதவிலுள்ள கண்ணாடித் துளையால் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். எலிவேற்றரிலிருந்து தெரியாத ஆட்கள் இறங்கினால் சுவரில் இரண்டு தட்டு. சம்பளம் நான்கு துண்டு மண்ணிறச் சீஸ். பிறகு எத்தனையோ கட்டடங்களில் காவல் நின்றிருக்கிறேன். முதல் வேலை அதுதான். பின்னேரம் வரை கண்ணை எடுக்காமல் நின்றேன். யார் வருவார்கள் என்று பார்த்து நிற்கிறேன் என்று கேட்கத் தோன்றவில்லை.