உமித் தீயில் வெந்த வாத்து

1984 ஜூலை 14, சனிக்கிழமை, பகல் ஒன்று பத்து. மேல்காற்று புழுதியை வாரி வீசுகிறது, மழை இல்லை.

பாலித் தீவில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் இருபத்தேழு நாள் இருந்துவிட்டு, பனவடலிசத்திரத்துக்குத் திரும்புகிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. என்னைத் தவிர ஆளில்லை. எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் இலை போடுகிறார். சொல்கிறேன்.

"அங்கன என்ன அண்ணாச்சி சாப்பிடுதாவ?"

"வாத்துக்குள்ள மசாலாவ அடைச்சு, இலையில கட்டி, உமித் தீயில ராத்திரி பூரா வேவ வைக்காவ. போனா அத விட்டுராதிய. அரைச்ச மீனக் குச்சியில பிடிச்சுச் சுடுவாவ, அதுவும் நல்லாருக்கும்."

"மவன்கூட உக்காந்து நல்லா சாப்பிட்டிருப்பிய."

அதற்குத்தான் போனேன். அங்கே காலையிலேயே சமைத்து மூடி வைத்துவிடுகிறார்கள். பசித்தவர் தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய், தனியாக, பேசாமல் சாப்பிடுகிறார். மகனுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. ஒரு வேளைகூட என் எதிரில் அவன் உட்காரவில்லை.

"எதுத்தாப்ல இன்னொரு இலை போட்டு நீரும் உக்காரும் வே. துட்டு நான் தாரேன்."

"எங்கடையில எனக்கே துட்டா!" சிரித்துக்கொண்டே உட்கார்கிறார்.

இரண்டு சாப்பாடு, ஏழு ரூபாய்.