கையூன்றாமல்

என் வீட்டுக்காரரை லாரி ஷெட்டில் 'பீரோ' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாற்றுகிறவர்களின் சாமான் தூக்கும் வேலை. இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக மாடியேற்றியதில் கிடைத்த பெயர். படியேறும்போது கீழ்முனை பிடிப்பவர் மேல்தான் பாரமெல்லாம் இறங்கும். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சாயங்காலமானால் குடி. "உடம்பு வலிக்குது, அதான்" என்பார். வருஷக்கணக்காக வலித்தது.

பிறகு உட்காருவதையே விட்டுவிட்டார். சாப்பாடுகூட நின்றபடிதான். என் புத்தியைச் சொல்ல வேண்டும், உழைக்கிற மனுஷன், ஓரிடத்தில் உட்காரமாட்டார் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு வீட்டில் புது சோபாவை இறக்கியதும், "கால் ஆடுதான்னு உட்கார்ந்து பாருங்க" என்றிருக்கிறார் அந்த வீட்டம்மா. உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. கூட வந்தவர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்களாம். "என்னையே சாமான் மாதிரி தூக்கிட்டானுங்கடி" என்று வீட்டுக்கு வந்து அழுதார்.

டாக்டரம்மா அவர் தொடையைப் பிடித்துப் பார்த்தார், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார், ரத்தமும் எடுத்தார். "குடி ஈரலை மட்டும் இல்ல, சதையையும் தின்னும். தொடையும் தோளும் கரைஞ்சிருக்கு. நிறுத்தினா மெதுவா, பெரும்பாலும் திரும்பி வரும்."

"மறுபடி கீழ்முனை பிடிப்பேனா?"

"மொதல்ல நாற்காலியிலேர்ந்து கையூனாம எழுந்திருங்க."

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து குடியை நிறுத்தினார்கள். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, ஒருவழியாக வீடு வந்தார். அப்புறம் அந்த நாற்காலியோடு மல்லுக்கட்டு. விழுவார், கோபத்தில் என்னைத் திட்டுவார். நான் சும்மா விடுவேனா? அவருக்கு மேல் திட்டினேன். பழைய குடிக் கூட்டாளிகள் வாசலில் நின்று கூப்பிட்டபோது மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. அவர் போகவே இல்லை.

பல மாசம் கழித்து இப்போதுதான் மறுபடி வேலைக்குப் போகிறார். நேற்று மத்தியானம் வேலையிலிருந்து சாப்பிட வந்தார். பீரோ ஒன்றை ஏற்றினார்களாம்.

"எந்த முனை?"

"மேல்முனைதான். கீழ வேற ஆளு."

அதைச் சொல்லும்போது முகம் வாடவில்லை. பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்கிய காலத்தில்கூட அவரை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நான் கீழே உட்கார்ந்தேன். அவரோ என் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத் திக்கென்றது. சாப்பிட்டு முடித்ததும் கையூன்றாமல் எழுந்து நின்றார்.

"என்ன பார்க்கறே? கையைக் குடு, தூக்கறேன்."

நானாகவே எழுந்திருக்க எனக்குத் தெரியும். இருந்தாலும் கையைக் கொடுத்தேன்.