சறுக்குத் தடிக்கு அளவு

மகள் கேட்டது இரண்டே இரண்டு தடிகள். பனிச்சறுக்கும்போது கையில் பிடிக்கிற தடிகள். அவளும் தாயும் இத்தாலியின் வடக்கே ஒரு மலையூரில் இருக்கிறார்கள். மனைவிக்கு அங்கே விடுதியில் வேலை. எனக்குத் தெற்கே பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், படுக்கையோடு கிடக்கிற ஒரு கிழவரைப் பார்க்கிற வேலை. சாப்பாடு, தங்கல் எல்லாம் அவர் வீட்டில்தான். பிரிந்து ஒன்றரை வருடமாகிறது. போய்ப் பார்க்கலாம்தான், எனக்குப் பதிலாக நிற்க ஆள் கிடைத்தால்தானே?

“பள்ளிக்கூடத்தில வாடகைக்கும் தருவினம், அப்பா. ஆனா மற்றப் பிள்ளையள் சொந்தமா வச்சிருக்கினம்,” என்றாள். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேனா? “நான் வாங்கி அனுப்புறன், நீ பேசாம இரு,” என்றேன்.

இங்கே கடல்தான் பக்கம் என்றாலும் வண்டியில் இரண்டு மணி நேரம் ஓடினால் பனி விழுகிற மலையும் உண்டு. அதனால் விளையாட்டுச் சாமான் கடையின் மூலையில் தடிகள் நின்றன. கடைக்காரப் பெண் விளங்கப்படுத்தினாள். தடியைத் தலைகீழாக்கி, கைப்பிடி நிலத்தில் முட்ட நிறுத்த வேண்டும். நுனிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே பிடித்தால் முழங்கை ‘ட’ எழுத்துப்போல நேர் மூலையாக மடங்க வேண்டும். கை கீழே சரிந்தால் தடி கட்டை, மேலே எழும்பினால் நெட்டை. எல்லாம் சொல்லிவிட்டு, “பிள்ளை எங்கே?” என்று கேட்டாள்.

பிள்ளை எங்கே! எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள்மேல் என்ன பிழை? என் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொட்டு, “இவ்வளவு உயரம்,” என்றேன். கடைசியாகக் கட்டிப்பிடித்தபோது மகளின் உச்சி அங்கேதான் இருந்தது. தினமும் வீடியோவில் பார்க்கிறேன். முகம் தெரியும், உயரம் தெரியாது.

மனைவிக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால் முடிந்த அலுவல். ஆனால் உயரத்தைச் சொல்வதற்கு முன், “அப்பனுக்குத் தன்ர பிள்ளையின்ர உயரம் தெரியாதோ?” என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எடுக்கவில்லை. தெரியும் என்று எனக்கே காட்ட வேண்டியிருந்தது.

கடைக்காரப் பெண் தொண்ணூற்றைந்து சென்ரிமீற்றர்த் தடியை எடுத்தாள். சட்டையோ சப்பாத்தோ, பிள்ளைக்கு ஓர் அளவு கூட்டி வாங்குகிற புத்தி எங்கள் ஆட்களை விட்டுப் போகுமா? வளருகிற பிள்ளை என்று சொல்லி நூறைக் கேட்டேன். “இது மடித்துத் தைக்கிற காற்சட்டை இல்லை,” என்று சிரித்தாள். நான் விடவில்லை. ஒன்றரை வருட வளர்ச்சிக்கு ஐந்து சென்ரிமீற்றர் தாராளம் என்று பெருமையோடு பஸ் ஏறினேன்.

தபாலில் போட்ட பொதி போய்ச் சேரும்வரை அந்தத் தடிகளைத் தவிர வேறு யோசனை இல்லை. கிழவர் கதைக்கமாட்டார். உண்மையைச் சொன்னால், தனியே இருந்து இருந்து எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் அழைத்தாள். “வந்திட்டுது அப்பா! சிவப்பு நிறம், நல்ல வடிவு!”

“போனை மேசையில வச்சிட்டுத் தள்ளி நில்லு. தலைகீழாப் பிடிச்சுக் காட்டு, பாப்பம்.”

மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். இடுப்புக்கு மேலே தெரிந்தாள். ஐயோ, கை எவ்வளவு கீழே சரிந்திருந்தது! தடி இன்னும் பத்து சென்ரிமீற்றராவது நீளமாக வேண்டும். அவள் தன் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுடைய தலை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பின்சுவரில் அதுவரை மறைந்திருந்த நாட்காட்டி முழுதாகத் தெரிந்தது. முழங்கை நேர் மூலைக்கு வந்து நின்றது. மேசைக்குப் பின்னால் முழங்காலை மடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“பாருங்கோ அப்பா, சரிதானே?”

நிமிர்ந்து நில்லு பிள்ளை, உன்னை ஒருக்கா முழுசாப் பாக்கிறன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் “ஓம், அச்சொட்டா இருக்கு,” என்றேன்.

அவள் முழங்காலை நிமிர்த்தாமலே தாய் சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பி, “அம்மா, அப்பா சரியான அளவில வாங்கியிருக்கிறார்!” என்று கத்தினாள்.