குளிர் குடித்த பெட்ரோல்

இந்த ஊரில் கார் வியர்க்கிறது. காருக்குள் இருப்பவருக்கு வியர்ப்பதில்லை. மலாக்கா வந்த பிறகு நான் பார்த்த புதுமைகளில் இன்றும் எனக்குச் செரிக்காதது இதுதான். காஜா பேராங் பகுதியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் அந்த நீளமான அமெரிக்கக் கார் வந்து நின்றதும் அதன் வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். கோழிகள் ஓடி வந்து குடிக்கும். தார் உருகுகிற வெயிலிலும் கண்ணாடி நான்கும் ஏற்றியே இருக்கும். உள்ளே மார்கழி மாதம். என் வீட்டுக்காரர்தான் அதற்கு டிரைவர். சட்டை காய்ந்திருக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கி வருவார். "இந்த வேகாத வெயில்ல சளி புடிச்சுக்கிட்ட மனுசன் நீங்க ஒருத்தர்தான்" என்று கேலி செய்வேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பு எப்படிப் போயிற்று என்பதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் எழுதுகிறேன்.

கார் ஒரு சீன ரப்பர் வியாபாரியுடையது. முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். பெரிய தவுக்கேக்கு மூச்சிரைப்பு. தெருப் புழுதி அவருக்கு ஆகாது. அதனால் லண்டனில் படித்துத் திரும்பிய மகன், சின்னத் தவுக்கே, காரைச் சிங்கப்பூருக்கு அனுப்பி முன்பலகைக்குக் கீழே ஒரு குளிர்ப்பெட்டி பொருத்திக்கொண்டு வந்தார். கிழவர் ஏறும்போதே கார் சில்லென்று இருக்கவேண்டும் என்பது மகனின் கட்டளை. ஆகவே சரக்குக் கிட்டங்கி வாசலிலும் டாக்டர் வீட்டு வாசலிலும் என் வீட்டுக்காரர் இஞ்சினை நிறுத்தாமல் காத்திருப்பார். சக்கரம் உருளாது, பெட்ரோல் முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். "நிக்கிறப்பவே குடிக்குது புள்ள இது. ஓடுனா கேக்கவே வேணாம்" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். எனக்கு அப்போது அதில் கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை. குடிப்பது அவர்கள் வீட்டுப் பெட்ரோல்தானே என்று மோரை ஊற்றினேன்.

அவர் தொழில் பழகியது மன்னார்குடியில், யுத்த காலத்துக் கரி பஸ்ஸில். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். இவர் கிளீனர். ஏற்றம் வந்தால் பின்னால் தொங்கிக்கொண்டு அடுப்பைக் கிளறுவார். முன்கை மயிர் பொசுங்கிப் பொசுங்கி அப்புறம் முளைக்கவே இல்லை. ஆனால் அங்கே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூட்டை காலியாவதை முதலாளியும் பார்ப்பார், கிளீனரும் பார்ப்பார். கரியைத் திருடினால் கை கறுக்கும். பெட்ரோல் அப்படியில்லை. பூட்டிய வயிற்றுக்குள் கிடக்கிறது, ஒருவர் கண்ணிலும் படாமல் தீர்ந்து போகிறது. தீர்ந்த பிறகு, ஓட்டியவன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சின்னத் தவுக்கேயும் பார்க்க ஆரம்பித்தார். அது நடந்த சமயம் பொல்லாத சமயம். நாடு விடுதலை அடைந்து, இங்கே இருக்கிறவன் இந்த நாட்டுக்காரனா வந்துபோகிறவனா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்த நேரம். என் வீட்டுக்காரர் குடியுரிமைக்கு மனுப் போட ஓடிக்கொண்டிருந்தார். நல்ல நடத்தை உள்ளவர் என்று சொல்ல ஒரு பெரிய மனிதர் வேண்டும். சின்னத் தவுக்கே சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அது பிறக்கும்போது அப்பன் இந்த மண்ணுக்கு உரியவனாக இருக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் நல்ல பெயர் ஒன்றில்தான் எங்கள் மூன்று பேருடைய வாழ்வும் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, ஒரே வாசலில் பக்கத்து வீட்டில் இருப்பவள், மலாக்காச் செட்டிக் குடும்பத்தவள். பெயர் மீனாச்சி. அக்கா என்பதற்கு மலாயில் காக் என்பார்கள், ஆகவே காக் மீனாச்சி. அவள் முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னே கப்பலேறி வந்தவர்கள். பெயர் நம் பெயர், கும்பிடுவது மாரியம்மன், உடுத்துவது சாரோங், பேசுவது மலாய். வந்த புதிதில் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு நான் தமிழில் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவள் புன்னகையோடு கேட்டுவிட்டு ஒரு பலகாரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். எனக்குப் பசி என்று நினைத்துக்கொண்டாளாம். பிற்பாடு நான் சந்தை மலாய் கற்றுக்கொண்டு அவளோடு சண்டைபோடும் அளவுக்குத் தேறினேன்.

போகியன்று அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல். பார்ச்சு என்பார்கள். இறந்தவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ அதெல்லாம் சமைத்து, வரிசையாக இலை போட்டு, சாம்பிராணிப் புகை காட்டிவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே முன்னோர் வந்து சாப்பிடுவார்களாம். போன வருஷப் போகியன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று பெரிய தவுக்கே அனுமதி கொடுத்ததால், என் வீட்டுக்காரர் காரோடு வந்திருந்தார். கூட்டி மெழுகிய வாசலில் கார் சொட்டிக்கொண்டு நின்றது. காக் மீனாச்சிக்கு அது எண்ணெய்.

"முன்னோருங்க நடந்து வர்ற எடம். அழுக்குல கால வைக்கிறதா?" என்று கடிந்துகொண்டே, அடுக்களையில் கிடந்த மண்ணெண்ணெய் டின்னை எடுத்து வந்து சொட்டுக்கு நேரே காரின் அடியில் தள்ளிவைத்தாள். வெறும் தண்ணீர்தான் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நானும் விட்டுவிட்டேன், நல்ல நாளில் எதற்கு வாக்குவாதம்?

அந்த நேரம் பார்த்துச் சின்னத் தவுக்கே வேறொருவர் காரில் எங்கள் தெரு வழியாக வந்தார். அந்தக் கார் எங்கள் வாசலில் ஊர்ந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து அவர் முகம் தம் வீட்டுக் காரைப் பார்த்தது, அடியில் இருந்த டின்னைப் பார்த்தது. பிறகு போய்விட்டது. இறங்கவில்லை. இறங்கி ஒரு விரலை அந்த டின்னுக்குள் விட்டிருந்தால் போதும், என் குடும்பம் பிழைத்திருக்கும். பெட்ரோல் திருடும் டிரைவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் வாசலில், பட்டப்பகலில், படையல் நாளில், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டா ஒருவன் திருடுவான்? யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை சாவியை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். பொங்கல் பானை அடுப்பில் இருக்கும்போது அவர் தவுக்கேயின் ரப்பர் கடையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு, வயிற்றையும் தூக்கிக்கொண்டு, அவர் தடுக்கத் தடுக்கக் கடைக்குப் போனேன். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்த சின்னத் தவுக்கேயின் முன்னால் வைத்தேன். பேச்சு மலாயில்தான்.

"இதுல இருந்தது தண்ணி, தவுக்கே. காரு சொட்டுற தண்ணி."

அவர் குனிந்து முகர்ந்தார். "வாடை வருதே."

"மண்ணெண்ணெய் டின்னு வேற எப்படி மணக்கும்?"

"சரி, தண்ணின்னே வெச்சுக்குவோம்." அவர் கோபப்படவில்லை, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்போலப் பேசினார். "குளிர்ப்பெட்டி மாட்டுறதுக்கு முந்தி இந்தக் காரு குடிச்சது கம்மி. இப்ப அதிகம். மிச்சம் எங்க போகுது?"

"அந்தப் பெட்டிதான் குடிக்குதுன்னு அவரு சொல்றாரு."

"நான் லண்டன்ல காரு ஓட்டுனவன். குளிர்காலம் பூரா உள்ள சூடு போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுவேன். அதுக்காக ஒரு சொட்டு பெட்ரோல் கூட ஆனதில்ல. சூட்டுக்கு ஆகாத பெட்ரோல் குளிருக்கு மட்டும் ஆகுமா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. பொய் சொல்பவனோடு மல்லுக்கட்டலாம். தான் கண்டதையே உலகம் என்று நம்புகிறவனை என்ன செய்வது? டின்னை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அது வேற, இது வேற புள்ள. எப்புடின்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். தெரியாததற்காக அவர் அவமானப்பட்டதுபோல் வேறு எதற்கும் பட்டு நான் பார்த்ததில்லை.

குடியுரிமை மனு அதோடு நின்றது. மலாக்கா சின்ன ஊர். பெட்ரோல் திருடியவனை எவர் வேலைக்கு வைப்பார்? மாசி பிறப்பதற்குள் அவர் ஊருக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். எட்டாம் மாதத்துக்காரி நான் கப்பலேற முடியாது. அங்கே ஒரு வேலை தேடிக்கொண்டு என்னையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. "திரும்பி வர்றதுக்கு அனுமதித் தாளு வாங்கிக்கிட்டுப் போங்க" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "திருடன்னு சொன்ன ஊருக்குத் திரும்பி வர எனக்கு எதுக்குத் தாளு?" என்று கத்தினார். ரோஷக்காரர். ரோஷம் சோறு போடாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அவர் துணிமணியை மடித்து வைத்தேன்.

அவர் போன பிறகு வந்த புது டிரைவரிடமும் கார் அப்படியே குடித்தது. அவரையும் விரட்டினார்கள். பிறகு சின்னத் தவுக்கே தாமே ஓட்டினார், தாமே பெட்ரோல் நிரப்பினார். ஒருநாள் தம்பின் என்ற பக்கத்து ஊரிலிருந்து திரும்பும் வழியில், ரப்பர் காட்டுக்கு நடுவே, கிழவரோடும் குளிரோடும் கார் பெட்ரோல் வறண்டு நின்றுவிட்டது. பட்டறையில் மெக்கானிக் விளக்கிச் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியதாம். எனக்கு அது ஊர்வாய் வழியாக வந்து சேர்ந்தது. விஷயம் இவ்வளவுதான்: இஞ்சின் எப்படியும் கொதிக்கிறது, அதன் வீண் சூட்டைக் கொஞ்சம் உள்ளே திருப்பிவிடுவதற்குச் செலவில்லை. குளிர் அப்படி வருவதில்லை. அந்தப் பெட்டியை இஞ்சின்தான் பெல்ட்டுப் பட்டை போட்டுச் சுற்றவேண்டும். அடுப்பங்கரையில் ஈரத்துணி காய்வதற்கு ஒருவரும் தனியாக விறகு வைப்பதில்லை. விசிறிவிட ஆள் வைத்தாலோ அவனுக்கும் சேர்த்து உலை வைக்கவேண்டும். நாள் முழுக்க அடுப்பில் வேகிறவள் நான். இது எனக்கு அன்றைக்கு அந்த மேசை முன்னால் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சின்னத் தவுக்கே கடைக் கணக்கப்பிள்ளையை அனுப்பினார். "ஒங்க வீட்டுக்காரர வேலைக்கு வரச் சொல்றாரும்மா. தப்பு அவரு மேல இல்லன்னு ஆயிருச்சு" என்றார் அந்த நல்ல மனிதர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்கு ஓடினேன். அனுமதித் தாள் இல்லாமல் வெளியேறியவர் புது ஆளாகத்தான் மனுப் போடவேண்டும், டிரைவர்களுக்கு இப்போது இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சின்னத் தவுக்கேயும் எழுதிப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் மன்னார்குடியில் அண்ணன் வீட்டில் இருக்கிறார், வேலை அமையவில்லை. மகன் இங்கே பிறந்தவன், இந்த நாட்டுப் பிள்ளை. அப்பன் முகம் தெரியாது. அங்கே போனால் மூன்று பேரும் பட்டினி, இங்கே இருந்தால் காக் மீனாச்சியோடு பலகாரம் செய்து இரண்டு வயிறாவது நிரம்பும். நான் இருக்கிறேன்.

நேற்றுப் போகி. காக் மீனாச்சி இலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "ஒன் வீட்டுக்காரனுக்கும் ஒரு இலை போடட்டுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவரு உயிரோட இருக்காரு, காக்!"

அவள் என்னைப் புண்படுத்தக் கேட்கவில்லை. "எங்க ஆளுங்க கப்பல்ல வந்தாங்க. அந்தப் பக்கம் போன ஒருத்தர் திரும்பி வந்ததா எங்க வீட்டுல கதையே இல்ல" என்றாள். அவள் அறிந்த வழக்கில் கப்பலேறிப் போனவர்கள் எல்லாரும் போனவர்கள்தான்.

இலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டு அடுக்களையில், அவருக்குப் பிடித்த புளிச்சோற்றை அவருடைய தட்டில் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது: தட்டு சாப்பிட வருகிறவருக்கு, இலை இனி வராதவருக்கு; இவர் எதில் சேர்த்தி? உள்ளே புகை காட்டிவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கூட்டி மெழுகிய வாசலில் காரும் இல்லை, டின்னும் இல்லை, ஒரு சொட்டு ஈரமும் இல்லை. நான் மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவில், எங்கே வைப்பது என்று தெரியாமல், அவருடைய சோற்றைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன்.