சிவப்பு டின், நீல டின்

ஆரின் ஹாக்ஸ்டாட் எடைமேடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மோன்டானா மாநில வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு இருபத்து மூன்று வருடம் விண்ணப்பித்து, எழுபத்து நான்காம் வயதில் ஒரு மூஸ் மானுக்கு அனுமதி விழுந்தது. இனி வாழ்நாளில் கிடைக்காது. வேட்டைப் பருவம் தொடங்கப் பதினொரு நாள் இருந்தது. தோட்டாதான் சரியாக வரவில்லை.

அவர் தோட்டாவைக் கடையில் வாங்குகிறவர் அல்ல. பித்தளைக் கூட்டைத் துடைத்து, வெடிமருந்தை எடைபோட்டு, குண்டை அழுத்திச் செருகுவது எல்லாம் தன் கையாலேயே. முப்பத்தொரு வருடமாக ஒரே புகையில்லா மருந்து, சிவப்பு டின். அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இரண்டு விரல் உயரம்.

கடைக்காரர் ஒரு நீல டின்னை நீட்டி, "ரெண்டும் கூடப்பிறந்ததுங்க, எரியும் வேகப் பட்டியல்ல அடுத்த வரிதான்" என்றார். அடுத்த வரி என்பதற்காகப் பழைய அளவை அப்படியே போடுகிறவன் துப்பாக்கி வெடித்து முகத்தை இழப்பான். ஆரின் தயாரிப்பாளர் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறினார். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டின்தான். மற்றது அலமாரியில், பூட்டுக்குள்.

ஜூனிலிருந்து செவ்வாய்தோறும் சுடுதளம், இருநூறு கஜம், காகித இலக்கில் ஐந்தைந்து குண்டுகள். நீல மருந்து எட்டு அங்குலம், எட்டரை, ஒன்பது என்று சிதறியது. அவருடைய பழைய நோட்டில், சிவப்புக்கான பக்கங்களில் எப்போதும் இரண்டு, இரண்டேகால். தோள் வலித்தது. எண்களை எழுதவே அலுத்தது.

அதே நோட்டில் எண்ணில்லாத வரி ஒன்றும் இருந்தது: "1988. எல்க் மான். பட்டது. கிடைக்கவில்லை." மூன்று நாள் தேடினார். அப்படி இன்னொரு வரி எழுத வேண்டியிருந்தால் மலைக்கே போகப்போவதில்லை.

"இன்னிக்கும் மருந்து மேலதான் பழியா?" என்று லவோன் வந்து நின்றாள். செத்துப்போன நண்பன் கிளைடின் மனைவி. சுடுதள வாசலில் பதிவேடு பார்ப்பவள்.

"வேகமானியைப் பாரு. வேகம் ஒண்ணுபோல வருது. ஆனா சிதறுது. சனியன் பிடிச்ச டின்."

"சிவப்பைக் கடைசியா எப்போப்பா காகிதத்துல சுட்டே?"

நோட்டைப் புரட்டினார். ஆறு வருடம். மிச்சம் பிடிப்பதற்காக நிறுத்தியிருந்தார்.

"அடப்பாவி! முதல் பக்கத்துல என்ன எழுதி வெச்சிருக்கே? படி."

படிக்கத் தேவையில்லை. 'ஒப்பிடுவது ஒரே நாளில், ஒரே துப்பாக்கியில், அருகருகே.' அவர் கையெழுத்துதான். இந்தக் கோடையின் மருந்தை ஆறு வருடம் முந்தைய காகிதத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்தாரா என்று அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பெட்டியின் அடியில் பழைய சிவப்புத் தோட்டாக்கள் பத்து இருந்தன. ஐந்தைச் சுட்டார். எட்டே முக்கால் அங்குலம்.

லவோன் அவரை எழுப்பிவிட்டுத் துப்பாக்கியின் முன் உட்கார்ந்தாள். சிவப்பில் ஐந்து, நீலத்தில் ஐந்து. இரண்டு அங்குலம். இரண்டேகால்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு" என்றாள், குண்டுகள் துளைத்த காகிதங்களைக் கொடுத்தபடி. "மருந்தும் நல்லாத்தான் இருக்கு."

"சொல்லிடேன் மிச்சத்தையும்."

"நான் எதுக்குச் சொல்லணும்? அளந்து எழுதுறவன் நீதானே."

ஆரின் அளந்தார். அன்று இருவரும் சுட்ட நான்கு காகிதத்திலும் சுட்டவர் பெயரை எழுதினார். பிறகு இலக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். எண்பது கஜத்தில் நட்டுத் திரும்பி வந்து, நீலத்தில் ஐந்து சுட்டார். மூன்றரை அங்குலம்.

"எண்பது கஜத்துல மூஸ் வந்து நிக்குமா? உன்னை என்ன, மரம்னு நினைச்சுக்குமா?"

"நினைக்கலேன்னா சுடமாட்டேன்."

"இருபத்து மூணு வருஷம்ப்பா!"

"வருஷக் கணக்கு எனக்குத் தெரியும் லவோன்."

வீட்டில் சிவப்பு டின்னை அலமாரியிலிருந்து எடுத்து, மிச்சத்தைப் புல்லுக்கு உரமாகத் தூவிவிட்டு வந்தார். நீல மருந்தில் ஆறு தோட்டா செய்தார். பெட்டியின் மேல் தேதி, அளவு, வேகம் எழுதினார். அதற்குக் கீழே, முப்பத்தொரு வருடத்தில் இதுவரை தேவைப்படாத ஒரு வரி: "எண்பது கஜத்துக்குள் மட்டும்."