அக்காவின் மாம்பழப் பாட்டிலும் என் ஓசூர் அடுப்பும்

இந்த நினைவு மலரோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலையும் உங்களிடம் கொடுத்திருப்போம். செந்தூரா மாம்பழக் கூழ். அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைப் படித்து முடியுங்கள். திறப்பதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு முழுக் காரணமும் நான்தான். அக்காவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அக்கா சிங்காரப்பேட்டையில் பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான் பிறந்தேன். “அன்னிக்கு ஆரம்பிச்ச தலைவலிடா” என்று என்னிடமே சொல்வார். அப்பா காலமானபோது அக்கா பத்தாம் வகுப்பு. படிப்பை நிறுத்திவிட்டு, சீசனுக்குச் சீசன் மாம்பழக் கூழ் ஆலைக்கு வேலைக்குப் போனார். நாள் முழுக்க ஈரத் தரையில் நின்று, கால் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி வீட்டுக்கு வருவார். அந்தக் காலில்தான் நான் ஐ.டி.ஐ. முடித்தேன். இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்துக்கொள்கிறேன். வேலையில் புலி. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் வாசலில் நிற்பேன். இதை அக்கா உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருப்பார், மறுத்துப் பயனில்லை.

திருமணமாகிக் காவேரிப்பட்டினம் போன பிறகு மாமாவின் தோட்டத்து மாம்பழத்தைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு ஒரு யோசனை. ஆலையில் டின்னில் அடைப்பதை வீட்டில் பாட்டிலில் அடைத்தால் என்ன? சாமான் வாங்கப் பெங்களூருக்குக் கிளம்பினோம். எனக்குக் கன்னடம் தெரியும் என்று துணைக்கு அழைத்தார். கடையில் மீட்டரும் வால்வும் வைத்த பெரிய பிரஷர் பாத்திரம் ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அக்கா, இதை எடு. மீட்டர் பாரு, சேஃப்டி வால்வ் பாரு!”

“மீட்டரைப் பார்த்து மயங்காதடா. மாம்பழத்துக்கு எதுக்குப் பிரஷர்? எலுமிச்சைச் சாறு அளந்து விட்டு, கொதிக்கிற தண்ணில வெச்சா போதும். பீன்ஸ், கறி அடைக்கிறவங்களுக்குத்தான் இது வேணும். அதுக்கெல்லாம் வெறும் கொதிதண்ணி பத்தாது.”

“வாங்கி வெச்சுக்கலாம்ல?”

“வாங்கினா நீ எங்க வீட்டுப் பக்கமே வரமாட்ட.”

கடைக்காரருக்குத் தமிழ் தெரியும் என்பது அவர் சிரித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா வாங்கியது அடி தட்டையான ஆழமான அண்டா, அதற்கு இறுக்கமான மூடி, பாட்டில் அடியில் பட்டு வெடிக்காமல் இருக்க உள்ளே போடும் கம்பித் தட்டு, சூடான பாட்டிலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கும் இடுக்கி, அகல வாய்ப் புனல். அவ்வளவுதான். பாட்டிலுக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றின் வாயையும் கட்டைவிரல் நகத்தால் சுற்றித் தடவினார். கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்தில் மாட்டும். மாட்டினால் மூடி காற்றுப் புகாமல் உட்காராது. நான்கைத் தள்ளி வைத்தார். உள்பக்கம் ரப்பர் பூசிய மூடிகளை வருடா வருடம் புதிதாக வாங்குவார். “பழைய மூடியைப் போடறவன் அடுத்தவங்க வயித்துல விளையாடறான்” என்பார்.

அன்று முதல் ஒவ்வொரு சீசனிலும் உங்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு பாட்டில் வந்திருக்கும். பேரிகையில் கட்டிக்கொடுத்த எங்கள் சித்தி மகள், “பெரியம்மா வீட்டு அண்ணி குடுக்கற பாட்டில்னா மோந்து பார்ப்பேன், அக்கா பாட்டில்னா நேரா குழந்தைக்கு ஊட்டிடுவேன்” என்று சொன்னபோது அக்காவுக்கு வந்த சந்தோஷம், மாமா நகை வாங்கிக் கொடுத்தபோதுகூட வரவில்லை. அண்ணி மன்னிக்கவும்.

சென்ற வருடம் உடம்பு முடியாத நிலையிலும் அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாமாவை அதட்டி அதட்டி வேலை வாங்கினார். ஆடி பிறந்த பத்தாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

இந்த வருடம் மாமா ஒரே ஒரு ஆசைதான் சொன்னார். “அவ திதிக்கு வர்றவங்க வெறுங்கையோட போகக்கூடாது. வீட்டுக்கு ஒரு பாட்டில் குடுக்கணும்.” மாமாவுக்குத் தோள் வலி, அண்டா தூக்க முடியாது. நான் நெஞ்சை நிமிர்த்தி, “என்கிட்ட விடுங்க மாமா” என்றேன். லீவு கிடைக்காததால் அண்டா, தட்டு, பாட்டில், அக்காவின் நோட்டு, எண்ணி வாங்கிய நாற்பது புது மூடி, எல்லாவற்றையும் ஓசூருக்கே ஏற்றி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். தலையில் கம்பெனி ஹெல்மெட், கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி. என் மனைவி பார்த்துவிட்டு, “கூழ் காய்ச்சறீங்களா, ராக்கெட் விடறீங்களா?” என்றாள். நோட்டில் எழுதியிருந்தது எழுத்துப் பிசகாமல் நடந்தது. கூழும் சூடு, பாட்டிலும் சூடு. மேலே ஒரு விரற்கடை இடம் விட்டு ஊற்றினேன். வாயைத் துடைத்து மூடி போட்டேன். மூடிக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி அண்டாவில் அடுக்கிக் கொதிக்க விட்டேன். நோட்டில் போட்டிருந்த நிமிடம் முடிந்ததும் துணி விரித்து வரிசையாக இறக்கினேன். ஆறும்போது மூடியின் நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டு ‘டக்’ என்றது; காற்றுப் புகாமல் அடைபட்டதற்கு அதுதான் அடையாளம். ஒன்று. இரண்டு. நாற்பது பாட்டிலும் டக் டக்கென்று அடிக்க, நான் ஹெல்மெட்டோடு கூடத்தில் ஒரு ஆட்டமே போட்டேன். உடனே மாமாவுக்கு போன்.

“மாமா! நாற்பதும் டக்!”

“சந்தோஷம்பா. எவ்ளோ நேரம் கொதிக்க வெச்ச?”

“அக்கா நோட்டுல இருக்கிற மாதிரியே. ஒரு நிமிஷம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல.”

மாமா குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்பா, அது காவேரிப்பட்டினத்துக் கணக்கு. உங்க வீட்ல ஒரு தடவை தக்காளி போட்டப்போ உங்கக்கா அஞ்சு நிமிஷம் கூட்டி வெச்சாளே. ஓசூரு மேட்டு ஊரு, தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும், ஆனா அந்தக் கொதில சூடு கம்மின்னு சொன்னா. நீதான் பாய்லர்க்காரனாச்சே, தெரியாதா?”

தெரியும். அழுத்தம் குறைந்தால் கொதிக்கும் சூடும் குறையும் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மாதா மாதம் வகுப்பு எடுப்பவனே நான்தான். கிருஷ்ணகிரியிலிருந்து மேடேறி ஓசூர் வருகிற பஸ்ஸில் காது அடைக்கும்போதாவது நினைவு வந்திருக்க வேண்டும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் என் மனதில் நீங்கள் அனைவரும் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள். சித்தி மகளின் குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது. அண்ணி எழுந்து உட்கார்ந்து, “அக்கா கையால சாப்பிட்டதுதான்” என்று டாக்டரிடம் சொல்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு வயிற்றையும் நோகடிக்காத பெயர். அதை நான் ஒரே காலையில், அதுவும் அவர் திதிக்கு, கெடுத்துவிடப் பார்த்தேன்.

“ஒரு நாள் தாண்டலையே, திறந்து திரும்பச் செய்யலாம்ல?” என்றாள் மனைவி. போனில் மாமாவும் அதையே சொன்னார். “ஒரு நாளுக்குள்ள திரும்பக் காய்ச்சி அடைச்சா தப்பில்லன்னு உங்கக்கா சொல்லுவா. மூடி மட்டும் புதுசு போடணும்.”

“மூடி இல்ல மாமா.”

“அவ போன வருஷமே அடுத்த வருஷத்துக்குன்னு வாங்கி வெச்சது இருக்குது. எடுத்துட்டு வரேன்.”

எழுபது வயதில், தோள் வலியோடு, மூடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். மதியம் நாற்பது மூடியையும் திறந்தோம். கூழை மறுபடி காய்ச்சி, பாட்டிலைக் கழுவிச் சூடாக்கி, அக்கா வாங்கிய மூடிகளைப் போட்டோம். மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அண்டா பக்கத்திலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

“இத்தனை வருஷம் அவ இப்படி நின்னா. நான் ஒரு தடவை கூட நானா வந்து நின்னதில்லப்பா” என்றார். நோட்டு நேரத்துக்கு மேல் ஐந்து நிமிடம் முடிந்த பிறகுதான் அடுப்பை அணைக்க விட்டார். முப்பத்தேழு ‘டக்’ அடித்தன. அடிக்காத மூன்றையும் ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரமே நாங்கள் தீர்த்தோம். அதனால் மூன்று வீட்டுக்குப் பாட்டில் கிடைத்திருக்காது. அவர்கள் என்னைத் திட்டலாம், அக்காவைத் திட்ட வேண்டாம்.

அக்காவின் கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரவுபகல் பாராமல் வண்டி எடுத்து வந்த பக்கத்து வீட்டுப் பாய்க்கும், பழம் பறித்துத் தந்த தோட்டத்து ஆட்களுக்கும், காரியங்களில் தோள்கொடுத்த உறவினர் நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னைத் தரையிலிருந்து எழுப்பிய என் மனைவிக்குத் தனியாக.

இனி பாட்டிலைக் கையில் எடுக்கலாம். மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். குழிந்து, அசையாமல் இருந்தால் அது அக்கா கொடுத்தது, குழந்தைக்கு ஊட்டுங்கள். அமுங்கி மேலெழும்பினால் அது தம்பி கொடுத்தது. தயவுசெய்து சுவைத்துக்கூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.